காதால் பார்த்துக்கொண்ட பிள்ளை

என் வீட்டுக்காரி பாவாயியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாய் சொருகியிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எங்கள் மகன் குமரகுருவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் குனிந்தான். அவன் காதோடு என்னவோ சொன்னாள். சொல்லும்போதும் கண் என் மேல்தான் இருந்தது. அவன் நிமிர்ந்ததும், "என்னடா சொன்னா?" என்று கேட்டேன். "பாப்பாவப் பாத்துக்கச் சொன்னாங்கப்பா" என்றான். அதற்குள் நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டாள். வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு நான் திரும்பியபோது பாவாயி இல்லை.

என்னடா, பக்கத்தில் உட்கார்ந்ததும் சாவுக் கதை சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். என் மடியில் இருக்கும் இந்த பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து, பேத்திக்கா என்று கேட்டீர்கள் போலிருக்கிறது. ஆமாம், பேத்திக்குத்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்களும் திருப்பூர் வரைக்குந்தானே? நீங்கள் பேச வேண்டியதில்லை, தலையை ஆட்டினால் போதும். இந்த பஸ் போடுகிற இரைச்சலில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்காது. முன்னெல்லாம் பஸ்கள் இவ்வளவு இரைவதில்லை.

என் பேர் அர்த்தநாரி. குமாரபாளையம். எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் விசைத்தறிதான். மீசை முளைக்குமுன் பட்டறைக்குள் போனவன், தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன். பள்ளிக்கூடம் பெரிதாகப் போகவில்லை. கடையில் மடித்துக் கொடுக்கிற பேப்பரை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நானாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்குத் தலையங்கம் வரைக்கும் படிப்பேன்.

தறி ஓட்டுவது என்றால் உங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாது. நாலு தறிக்கு நடுவில் ஒருத்தன் நிற்பான். நாலையும் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்து முடியுமா? முடியாது. காதால்தான் பார்க்க வேண்டும். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைப்பேன். பின்னால் மூணாவது தறியில் நூல் அறுந்தால் அந்த நொடியே எனக்குத் தெரியும். ஓட்டத்தில் ஒரு தட்டு குறையும். "அர்த்தநாரிக்கு முதுகிலயும் காது" என்று முதலாளியே சொல்வார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் பேத்தியையும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன். காதால்.

அவள் பேர் தன்விகா. என் மருமகள் சுகந்தி கம்ப்யூட்டரில் தேடி வைத்த பேர். நான் அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். என்னை அப்பாரு என்பாள். அப்பாவைப் பெற்றவனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு ரெண்டு வயசு நிறையும்போது பாவாயி போய்விட்டாள். மகனும் மருமகளும் காலையில் வண்டியெடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் அம்மிணியும். பாவாயி சொல்லிவிட்டுப் போன வார்த்தை அதுதானே, பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. மகனிடம் சொன்னாலும் அது எனக்குச் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் ஏன் என்னையே பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும்?

முதல் வேலையாகக் கடைவீதிக்குப் போய் அவளுக்குக் கொலுசு வாங்கிவந்தேன். மெல்லிசான கொலுசு இல்லை. முத்து நிறைய வைத்தது. கடைக்காரர், "ரெண்டு வயசுப் புள்ளைக்கு இது கனமுங்க" என்றார். சத்தம் வர வேண்டும் என்றேன். ஆட்டிக் காட்டினார். இன்னும் சத்தம் வேண்டும் என்றேன். கடைசியில் கல்யாணப் பெண் போடுகிற மாதிரி ஒன்றை எடுத்து, அளவு குறைத்துக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு கவலையும் இல்லை. நடு வீட்டில் நாற்காலியைப் போட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வேன். கொலுசு கேட்டுக்கொண்டே இருக்கும். அது சமையல்கட்டில் கேட்டால் அவள் சமையல்கட்டில் இருக்கிறாள். சத்தம் நின்றால்தான் ஆபத்து. தறிக்கும் பிள்ளைக்கும் அது பொது. எனக்கு நின்றதே இல்லை. ஒரு நாளும் நின்றதில்லை.

துருதுரு என்றால் அப்படி ஒரு துருதுரு. அரிசி டப்பாவைக் கவிழ்த்து வீடு முழுக்க விதைப்பாள். வண்டிச் சாவியை மிக்சிக்குள் போட்டு மூடிவைப்பாள். அதைத் தேடி அவங்கப்பன் ஒரு நாள் வேலைக்கே போகவில்லை. என் செருப்புக்குள் என் டீயை ஊற்றி, "செப்பு குச்சுது" என்பாள். செருப்பு டீ குடிக்கிறதாம். ஒரு நாள் நான் பேப்பரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், இன்னொரு நாற்காலி மேல் ஏறி நின்று பாவாயி போட்டோவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி முழுக்கச் சட்னி. "ஆத்தா வாயே தொறக்கல" என்று என்னிடம் புகார் வேறு. நான் சிரிக்கவா அழவா சொல்லுங்கள்.

என் மேல் அவளுக்கு ஒரு தனிப் பாசம். மற்றவர்களிடம் பேசும்போது ஓடிக்கொண்டே, குதித்துக்கொண்டே பேசுவாள். என்னிடம் வந்தால் மட்டும் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அவங்கப்பனிடம் அப்படிச் செய்யமாட்டாள். பெற்றவளிடமும் செய்யமாட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது. பாவாயியும் அப்படித்தான். என்ன பேசுவதாக இருந்தாலும் துண்டைப் பிடித்து இழுத்து, எனக்கு முன்னால் வந்து நின்றுதான் பேசுவாள். அதே ரத்தம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். "அம்மிணி, அப்பாரு மாதிரி செய்" என்று சொன்னால், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, "ஆ? ஆ?" என்பாள். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சுகந்தி மட்டும் சிரிக்கமாட்டாள். அவளுக்குச் சிரிப்பு கொஞ்சம் தூரந்தான்.

சுகந்தியைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. படித்த பெண். மரியாதையானவள். ஆனால் எதற்கெடுத்தாலும் ஒரு சந்தேகம். ஒரு நாள் பருப்பை குக்கரில் வைத்து, "மாமா, நாலு விசில் வந்ததும் ஆஃப் பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனாள். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். விசில் அடித்தால்தானே அணைப்பேன்? அது அடிக்கவே இல்லை. பருப்பு கரியாகிப் போச்சு. அவள் மேலேயிருந்து ஓடிவந்தாள்.

"எத்தன விசிலுங்க மாமா, மாடி வரைக்கும் கேக்குது."

"கேட்டா எறங்கி வந்து அணைச்சிருக்கலாமில்ல கண்ணு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். புதுக் குக்கர் வாங்கியது தப்பு. பழைய குக்கர் பாவாயி காலத்தில் அடித்த அடி இருக்கிறதே. அவள்தான் போய் அணைப்பாள், அது வேறு.

அப்புறம் இந்தப் பட்டறை விஷயம். எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு தறிப்பட்டறை. ஒரு நாள் மத்தியானம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், கொலுசு கேட்டுக்கொண்டிருக்கிறது, திடீரென்று நிழல் தட்டியது. நிமிர்ந்தால் பட்டறையில் தறி ஓட்டுகிற ராசாமணி வாசலில் நிற்கிறான். இடுப்பில் அம்மிணி. தலையெல்லாம் பஞ்சு. அவன் முகம் வெளுத்திருந்தது. என்னென்னவோ சொன்னான். தறிக்கும் தறிக்கும் நடுவில் நின்றாள், பெல்ட்டை எட்டிப் பிடிக்கப் போனாள், வாசலிலிருந்தே உங்களைக் கத்திக் கத்திக் கூப்பிட்டோம் என்று சொன்னான் போலிருக்கிறது. தறிக்காரன்கள் எல்லாருக்கும் பேச்சு அப்படித்தான், பாதி சைகை.

"தறிக்காரன் பேத்தி தறி பாக்க வந்திருக்கா. அதுக்கேன்டா இந்த மொகம்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சாயந்திரம் சுகந்தி வண்டியை நிறுத்தும்போதே தெருவில் பிடித்து அவளிடம் சொல்லிவிட்டான். கூடவே தொழில் செய்தவன். அவனுக்கு நூல் முடியக் கற்றுக்கொடுத்ததே நான்.

அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. கேட்காமல் விட்டது எதற்கு என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நாற்காலியில். குமரகுரு எனக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ஒரு நாளும் அப்படி உட்காராதவன். எனக்கே சந்தோஷம். பையன் அப்பனிடம் பேச வந்திருக்கிறான் என்று பேப்பரை மடித்து வைத்தேன். என்னைக் கூர்ந்து பார்த்தான்.

"அப்பா, பாப்பா எங்கீங்க?" என்றான்.

"சமையக்கட்டுல வெளையாடறா."

"நெசமாங்களா?"

"ஏண்டா, கொலுசு கேக்கலையா உனக்கு? ஜல் ஜல்லுன்னு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது வாசல் வழியாகச் சுகந்தி உள்ளே வந்தாள். இடுப்பில் அம்மிணி. வெறுங்கால். சுகந்தி வந்து, கையை விரித்து, இரண்டு கொலுசையும் என் பேப்பர் மேல் வைத்தாள். காலையில் குழந்தை எழுந்ததும் கழற்றியதாம். பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இருந்தாளாம்.

பரீட்சை வைத்திருக்கிறார்கள். எனக்கு. என் வீட்டில். பெற்ற மகன் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு. நீங்களே நியாயம் சொல்லுங்கள். கொலுசைக் கழற்றியது அவர்கள். ஏமாற்றியது அவர்கள். குற்றம் என் காதுக்கு. நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சத்தம் கேட்டது. தெளிவாகக் கேட்டது. இப்போதுகூட, இந்த பஸ்ஸுக்குள், குழந்தையே இல்லாத இடத்தில், எனக்கு அந்தக் கொலுசு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அவ்வளவு பழகிய காது என்னுடையது. அதைப் போய்ப் பழுது என்கிறார்கள்.

"யாரு யோசன இது?" என்று கேட்டேன். சுகந்தியைத்தான் கேட்டேன். அவள் புருசனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள் அவனிடம். "அத்தை சொன்னதச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லாம மறைச்ச மாதிரி இவருகிட்டயும் மறைச்சுராதீங்க."

அவன் என்னவோ சொன்னான். வாய்க்குள் பேசுகிறவன், சின்னதிலிருந்தே அப்படித்தான். "சத்தமாச் சொல்லுடா" என்றேன். மறுபடியும் சொன்னான். உதடு அசைந்தது, அவ்வளவுதான். "ஆம்பளையாட்டச் சத்தமாச் சொல்லுடா" என்று நானே கத்தினேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"அம்மா அன்னைக்கு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உங்கப்பனுக்குக் காது கேக்காதுடா. வருசக்கணக்காக் கேக்காது. நாந்தான் ஆருக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன். நம்பிப் புள்ளையத் தனியா உட்டுட்டுப் போயிராதீங்கன்னு."

சொல்லிவிட்டு அவன் அழுதான். பட்டறை வாசலில் ராசாமணி வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தறிச் சத்தத்தையும் தாண்டி அவனுக்குக் கேட்டிருக்கிறது. பாவாயி மகன் காதோடு சொன்ன ரகசியம், தெரு முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே இத்தன நாளு உட்டுட்டுப் போயிருக்கறீங்க" என்று சுகந்தி அவனைத்தான் திட்டினாள். அவளுக்கு என்மேலிருந்த கோபத்தைவிட அவன் மேல் இருந்ததுதான் பெரிது. "ராசாமணியண்ணன் பாக்கலைன்னா?"

"எனக்கு நம்ப மனசு வரலீங்க" என்றான் அவன். "அப்பா நல்லாத்தான பேசறாரு."

"பேசறதுக்குக் காது எதுக்குங்க?"

இதெல்லாம் என் முகத்துக்கு நேரேதான் நடந்தது. அம்மிணி என்ன செய்தாள் தெரியுமா? எல்லாரும் கத்துவதைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு "ஆ? ஆ?" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மருமகள் செய்ததை நான் மன்னித்துவிடுவேன். வேறு வீட்டில் பிறந்தவள். மகனைக்கூட விட்டுவிடலாம், அவன் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவன். பாவாயியைத்தான் என்னால் விட முடியவில்லை. எத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தோம். கடைக்குப் போனால் அவள்தான் பேசுவாள். போன் வந்தால் ஓடிப்போய் அவள்தான் எடுப்பாள். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டி, இன்னார் வந்திருக்கிறார், இன்னது கேட்கிறார் என்று எடுத்துக்கொடுப்பாள். "அர்த்தநாரிக்கு வாயெல்லாம் பாவாயிதான்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவளுக்குப் பேச ஆசை, பேசிவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுக்கொடுத்திருந்தேன். அதற்கு இதுதானா? போகிற நேரத்தில் என்னைக் கால்மாட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். உனக்குக் காது கேட்கவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா?

வருஷா வருஷம் அவளுக்குப் படைக்க வேண்டும். இந்தத் தடவை இலை போட்டு, சோறு வைத்து, எதிரே உட்கார்ந்து கேட்டேன். ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று.

அந்தப் பரீட்சை நடந்த மாசக் கடைசியில் திருப்பூருக்கு வேலை மாற்றல் என்றார்கள். மாற்றலா மாற்றிக்கொண்டதா, எனக்குத் தெரியாதா? "நீங்களும் வாங்கப்பா" என்று குமரகுரு கூப்பிட்டான். சுகந்தியும் கூப்பிட்டாள், "ரூம் இருக்குதுங்க மாமா, காத்தோட்டமா இருக்கும்" என்று. அங்கே எனக்கு என்ன வேலை? பிள்ளையைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். விருந்தாளி மாதிரி. வரவில்லை என்றேன். காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கித் தந்தான். மாட்டிப் பார்த்தேன். சாக்கைக் கிழிக்கிற சத்தந்தான் கேட்கிறது. பீரோவில் இருக்கிறது.

அம்மிணியை அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் காலையில் விட்டுச் சாயந்திரம் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒரு தரம் குமரகுருவோடு போய்ப் பார்த்தேன். இத்தனூண்டு அறையில் அத்தனை பிள்ளைகள். ஓர் ஆயா. மூலையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளை இன்னொன்றின் முடியைப் பிடித்து இழுக்கிறது, அவள் நிமிரவே இல்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் அவளிடம் விடலாம்.

இதைச் சொன்னால் நீங்களும் தலையைத் திருப்பிக்கொள்கிறீர்கள். பரவாயில்லை. ஊத்துக்குளி தாண்டிவிட்டது, இனிக் கொஞ்ச நேரந்தான்.

போன மாசம் போனபோது நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அம்மிணி வந்தாள். வளர்ந்துவிட்டாள், தலையில் இரண்டு குடுமி. என்னிடம் என்னவோ பெரிய கதை சொன்னாள். மடியில் ஏறவில்லை. தாடையைப் பிடிக்கவில்லை. சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே, என் தோளைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் போய், எல்லாரிடமும் பேசுகிற மாதிரியே என்னிடமும் பேசினாள். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் வேகத்துக்கு என்னால் திரும்ப முடியவில்லை. கதை முடிந்துவிட்டது போலிருக்கிறது, நின்று என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் கேட்டது சிரிப்பில்லை என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. உள்ளே ஓடிப்போய் அவள் அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பேச்சு அவள் அம்மாவுக்குப் புரிந்தது.

சுகந்தி வந்து என் முன்னால் நின்று, சத்தமாகச் சொன்னாள். "தண்ணி மொண்டு வெளையாட ஒரு கொடம் வேணுமாமுங்க மாமா. அடுத்த தடவ வாங்கியாறச் சொல்றா."

வாங்கிவிட்டேன். சிவப்புத்தான் அவளுக்குப் பிடிக்கும்.

நீங்கள் பையை எடுக்கிறீர்கள், இறங்குகிற இடம் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்க வேண்டும், குமரகுரு வண்டியோடு வந்து நிற்பான். பொழுது சாய்வதற்குள் நான் திரும்பிவிடுவேன். அங்கே தங்குவதில்லை.

குமாரபாளையத்து வீட்டில் அம்மிணியுடைய சாமான் ஒன்றும் இல்லை. துணி, தொட்டில், மூன்று சக்கர வண்டி எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் ஓர் இரும்பு அரைக்கதவு மட்டும் இருக்கிறது. அவள் தெருவுக்குப் போகாமல் இருக்க, திருப்பூர் போவதற்கு முந்தின வாரம் வெல்டிங்காரரை வைத்துக் குமரகுரு போட்டது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது, அதற்கு மேலாகக் கையை விட்டுத் திறந்துகொண்டு நான் போகிறேன்.